அறுநூறு ரூபாய்க்குள் ஒரு படகு வீடு

எழுபதுகளின் நடுவில் என் மனைவியின் வேலை ஒரு கூரையை நம்பி நின்றது. சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் ஆறு வருஷமாகத் தற்காலிக நர்ஸாக இருந்தாள். நான் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க். அந்த வருஷம் ஆஸ்பத்திரிக் கமிட்டியார் சூளூர்பேட்டைக்கு அப்பால், ஏரிக்கு நடுவில் இருந்த ஒரு மீனவர் குப்பத்தில் சின்ன மருந்தகம் திறந்தார்கள். அங்கே போகிற நர்ஸுக்கு நிரந்தர வேலை. நிபந்தனை ஒன்றே ஒன்று: நர்ஸ் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும். பிரசவ வலி எடுத்தவள் அக்கரையிலிருந்து படகு வரும் வரை காத்திருக்க மாட்டாள் அல்லவா? முன்பு போன இரண்டு பேர் கரையிலிருந்து தினமும் படகில் போய் வந்ததால் விலக்கப்பட்டிருந்தார்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மேட்ரன் அம்மாளே நேரில் வந்து, அவள் எங்கே குடியிருக்கிறாள் என்று பார்ப்பார். இடம் இருந்தால் ஆர்டர். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்.

நாங்கள் இருவரும் போய் இடம் தேடினோம். நாற்பத்தொரு குடிசைகள். எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் ஒரு பாய் விரிக்க உபரி இடமில்லை. மருந்தகம் என்பது தகரம் போட்ட ஒற்றை அறை. மருந்து அலமாரியும் நோயாளி படுக்கும் பெஞ்சும் போட்ட பிறகு நடக்கவே பக்கவாட்டில் திரும்ப வேண்டும். நாமே ஒரு குடிசை போடலாமா என்று கேட்டேன். வெளியாளுக்கு மனை விடுவதென்றால் ஊர்க் கூட்டம் கூட வேண்டும், கூட்டம் தை மாதம்தான் என்றார்கள். எங்களுக்கு இருந்தது இரண்டு வாரம்.

திரும்பி வரும்போது, ஏரியில் போய்ச் சேரும் கால்வாயின் கரையில் மூன்று படகுகள் கட்டிக் கிடந்தன. முன்பு பட்டணத்துக்கு விறகும் உப்பும் ஏற்றிப் போன பாய்மரப் படகுகள். லாரிகள் வந்த பிறகு அவற்றுக்குச் சுமை இல்லை. கடைசியில் நின்ற சிறிய படகின் பின்பக்கம் மூங்கில் பாயால் வளைத்த கூண்டு ஒன்று இருந்தது. அதற்குள் மண் நிரப்பிய பெட்டியின்மேல் மூன்று கற்கள், ஒரு கொடிக்கயிறு, அதில் யாரோ மறந்துவிட்டுப் போன துண்டு. என் மனைவி நின்றுவிட்டாள்.

"இதுல ஜனங்க குடும்பம் நடத்திக்கினு இருந்திருக்காங்க."

"இருந்தாங்க. இப்ப இல்ல. ஏன் இல்லன்னு யோசி."

"தண்ணிக்கு ஊர்க் கூட்டம் கூடணுமா?"

கூட வேண்டாம்தான். யாருடையது என்று விசாரிக்கப் போனேன். படகுகளின் சொந்தக்காரர் சூளூர்பேட்டையில் விறகு மண்டி வைத்திருந்த ஒரு ரெட்டியார். மூன்றையும் அடுத்த வாரச் சனிக்கிழமை கரையிலேயே ஏலம் விடப் போவதாக மண்டியில் சொன்னார்கள். செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமை. அதற்குப் பிறகு இரண்டே நாட்கள்.

சித்தூரில் குடியிருந்த வீட்டைக் காலி செய்து அட்வான்ஸைத் திருப்பி வாங்கினேன். சக குமாஸ்தா ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் என் பெட்டியை வைத்தேன். சீட்டுப் பணமும் சேர்த்துக் கையில் எண்ணூற்றைம்பது ரூபாய். படகுக்கு அறுநூறு, பாய்க்கு எழுபது, ஓட்டை அடைக்கத் தாருக்கும் பஞ்சுக்கும் தச்சன் கூலிக்கும் நூறு, மீதி போக்குவரத்துக்கு என்று பிரித்து நான்கு உறைகளில் வைத்தேன். படகின் பாய்மரத்தில் இருந்த பாய் நூலாகத் தொங்கியது. கோடையில் ஏரித் தண்ணீர் வற்றிக் கரையை விட்டு விலகும், படகும் தண்ணீரோடு விலகிப் போக வேண்டும், அதற்குப் பாய் வேண்டும் என்று குப்பத்தில் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை திருப்பதியில் பஸ் மாறினோம். பஸ் நிலையத்துக்குப் பின் தெருவில் கல்யாணப் பந்தலுக்குச் சாமியானா வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. பழைய துணியை எடைக்குப் போடுவார்கள் என்று என் மனைவி விசாரித்து வைத்திருந்தாள்.

"கல்யாணமா சார்? எத்தன பேருக்கு?" என்றார் கடைக்காரர்.

"கல்யாணமாயி எட்டு வருஷம் ஆச்சுங்க," என்றாள் அவள். "படகுக்குப் பாய் தைக்கணும்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "படகா? இந்த ஊர்ல கோயில் கோனேரில தெப்பம்தாம்மா ஓடும். அதுக்கும் பாய் கிடையாது."

"ஏரிக்குங்க."

"எந்த ஏரியா இருந்தா எனக்கு இன்னா. கிலோ கணக்குதான்."

சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட கெட்டித் துணி. ஒரு மூலையில் சாம்பார்க் கறை. நான் அவளைத் தெருவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன்: படகு இன்னும் நம்முடையது ஆகவில்லை. ஆகாமலே போகலாம். படகில்லாதவனுக்குப் பாய் எதற்கு?

"நாளைக்கு அங்க வாங்கினா இதே துணி நூத்தைம்பது. ஞாயித்துக்கிழமை எந்தக் கடை தெறந்திருக்கும்?" என்றாள். "படகு வரலைன்னா கட்டில்ல விரிச்சிக்கலாம்."

"கட்டில்தான் வித்தாச்சே."

அவள் சிரிக்கவில்லை. அறுபத்திரண்டு ரூபாய்க்கு முடித்தாள். பாய் உறையில் எட்டு ரூபாய் மிஞ்சியது. சூளூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு இரண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

"ஒரு மூட்டைதானே?" என்றேன்.

"மூட்டை ஒண்ணுதான் சார். ரெண்டு ஆள் எடத்த துன்னுதே."

சனிக்கிழமை காலை கரையில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். ஏலம் கேட்பவர்கள் ஐம்பது ரூபாய் டிபாசிட் கட்ட வேண்டும்; நானும் கட்டினேன். எடுத்தவர் அங்கேயே முழுப் பணமும் வைக்க வேண்டும். பொய்யாக விலை ஏற்றுகிறவனின் டிபாசிட் போய்விடும். இதை மண்டி குமாஸ்தா தெலுங்கில் இரண்டு முறை சத்தம் போட்டுச் சொன்னார்.

ஏலம் தொடங்குமுன் படகில் ஏறிப் பார்த்தேன். குடைக் கம்பியால் பலகைகளைக் குத்திக்கொண்டே போனேன். பதினொரு இடத்தில் கம்பி மெதுவாக உள்ளே இறங்கியது. என் மனைவி அதைப் பார்க்கவில்லை. கூண்டுக்குள் குனிந்து, ஒரு பெண்ணைக் கால் நீட்டிப் படுக்க வைக்க இடமிருக்கிறதா என்று கையால் சாண் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணு," என்றேன்.

"பதினஞ்சு சாண் இருக்குது. போதும்," என்றாள் அவள்.

எங்களுக்கு எதிரி ஒரே ஒருவர். செங்கல் சூளைக்காரர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் துண்டு, வாயில் வெற்றிலை. முதல் இரண்டு படகுகளையும் அவரே எடுத்துவிட்டார். அடுத்த வாரம் அவற்றைக் கோடாலியால் பிளந்து சூளையில் போடுவார் என்றார்கள். மூன்றாவது படகுக்கு முந்நூறில் தொடங்கினோம். அவர் அடுத்த ஐம்பதுக்கு ஏற்றினால் நான் அதற்கு மேல் பத்து ஏற்றினேன். நானூற்றைம்பது, அறுபது. ஐந்நூறு, பத்து. ஐந்நூற்றைம்பது என்றார். நான் அறுபது என்றேன். அவர் படகை ஒரு தடவை பார்த்தார். சின்னப் படகு, விறகு அதிகம் தேறாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார்.

"ஐதொந்தல அரவை, ஒகடோ சாரி..." என்றார் குமாஸ்தா.

நாற்பது ரூபாய் மிச்சம் என்று எண்ணினேன்.

"ரெண்டோ சாரி..."

"ஐந்நூத்தி அறுவத்தொண்ணு!"

குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. என் மனைவியின் குரல்.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் சபையார் யாராவது இருந்தால் அவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வந்த காய்கறி, கோழி, முட்டை எல்லாவற்றையும் ஏலம் விடுவோம். அந்தப் பணம் கோயிலுக்கு. அதில் யாரும் யாரையும் ஜெயிக்கப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரன் ஒரு பூசணிக்காயைக் கேட்டு இரண்டாம் தரம் சொல்லியாகிவிட்டால், மூன்றாவது தரத்துக்குள் வீட்டுக்காரி ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்க வேண்டும். அப்போதுதான் காணிக்கை இருவருடையதும் ஆகும். கேட்காமல் விட்டால் அந்த வீட்டில் சண்டை என்று ஊர் சிரிக்கும். எட்டு வருஷமாக 'ரெண்டாம் தரம்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் வாய் தானாகத் திறந்து பழகியிருந்தது.

கரையில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு. சிரிக்காதவர்கள் மூன்று பேர்: நான், ரெட்டியார், திரும்பி வந்துகொண்டிருந்த சூளைக்காரர்.

"ஏமய்யா இது?" என்றார் சூளைக்காரர் ரெட்டியாரிடம். "புருசன் கேட்ட வெலைக்கு மேல பொண்டாட்டி கேக்கறா. உங்க ஆளுங்களா? வெலைய ஏத்தறதுக்கு நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

ரெட்டியாருக்கு முகம் சிவந்தது. "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. ஏ, யாரம்மா நீ? டிபாசிட்டை எடுத்து வெய்யி குமாஸ்தா. ஏலம் ரத்து."

ஏலம் ரத்து என்றால் படகு இல்லை. படகு இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை மேட்ரனுக்குக் காட்ட எங்களிடம் ஒரு சாமியானா மூட்டைதான். நான் எனக்குத் தெரிந்த தெலுங்கில் கோயில் வழக்கத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போல இருந்தது.

"தன் வெலைய தானே ஏத்திக்கிற ஜனம் உலகத்துல உண்டா?" என்று கேட்டார் சூளைக்காரர். கூட்டம் மறுபடி சிரித்தது.

கரையோரம் குந்தியிருந்த ஒரு கூலிக்காரர் எழுந்தார். சத்தியவேடு பக்கத்துத் தமிழர் என்பது பேச்சில் தெரிந்தது. "உண்டுங்க. எங்கூர் வேதக் கோயில்ல நானே பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழம் பதினேழு ரூபாய்க்குப் போச்சு. எடுத்தவன் அழுதுக்கினே குடுத்தான்."

"அழுதானா?"

"சந்தோசத்துல அழுதேன்னு சொன்னான். நமக்கு இன்னா தெரியும்?"

இந்தத் தடவை ரெட்டியாரும் சிரித்துவிட்டார். ரத்தை வாபஸ் வாங்கினார். ஆனால் சூளைக்காரர் சைக்கிளுக்குத் திரும்பவில்லை. கூண்டை எட்டிப் பார்த்தார். பலகையைக் கட்டை விரலால் சுரண்டினார். சபை, பூசணிக்காய் எதையும் அவர் நம்பவில்லை. ஒரு குடும்பம் தனக்குத்தானே விலை ஏற்றுகிறது என்றால் இந்தப் படகில் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது, தேக்கோ என்னவோ. அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதைப் பார்த்தேன்.

"அறுநூறு," என்றார்.

என் படகு உறை அத்தோடு முடிந்தது. அறுநூற்றுப் பத்து என்றேன். அந்தப் பத்து தார் உறையிலிருந்து வந்தது. அறுநூற்றைம்பது என்றார். அறுபது என்றேன். எழுநூறு என்றார். அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் தார் கிடையாது, பஞ்சு கிடையாது, தச்சன் கிடையாது. பதினொரு ஓட்டையுடன் ஒரு படகு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஒகடோ சாரி..."

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். கோயிலில் அவள் ஒருநாளும் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டதில்லை.

"ஓட்டையை அடைக்க காசு இருக்காது," என்றேன் மெதுவாக.

"ஓட்டைப் படகுல நான் இருக்கறேன். இல்லாத படகுல எப்படிங்க இருக்கறது?"

"ரெண்டோ சாரி..."

"எழுநூத்தி நாப்பது!" என்றாள்.

சூளைக்காரர் மறுபடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு வெற்றிலையைக் கால்வாயில் துப்பினார். "தீஸ்கோம்மா, எடுத்துக்கோ. நீயே மறுபடி ஏத்திடுவேன்னு பயமா இருக்குது."

மூடோ சாரி சொன்னார்கள். பணத்தை எண்ணி வைத்தபோது நான்கு உறைகளும் ஒன்றாகிவிட்டிருந்தன. என் ஊர் திரும்பும் செலவை எடுத்து வைத்தபின் கையில் இருபத்தாறு ரூபாய்.

அன்று மாலையே பாயைத் தைக்கத் தொடங்கினோம், கோணி ஊசியால். மறுநாள் ஞாயிறு. சூளூர்பேட்டையில் ஒரு சின்ன ஜெபக்கூடம் இருந்தது. போகவில்லை. என் இரண்டு பழைய வேட்டிகளை நாடா நாடாவாகக் கிழித்து, லாரி ஷெட்டில் இரண்டு ரூபாய்க்கு வாங்கின கிரீஸில் புரட்டி, ஓட்டைகளில் திணித்துக்கொண்டிருந்தோம்.

"ஓய்வு நாள்," என்றேன்.

"கர்த்தர் மன்னிப்பார். மேட்ரன் மன்னிக்க மாட்டாங்க," என்றாள், கிரீஸ் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை, வேலையில்லாமல் இருந்த கால்வாய்ப் படகுக்காரர் ஒருவரைப் பதினைந்து ரூபாய்க்குப் பேசி, படகைக் கால்வாயிலிருந்து ஏரிக்கு இறக்கினோம். பாய் ஏறியதும் கரையில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சிவப்பு மஞ்சள் பட்டைகள் காற்றில் உப்பின. கல்யாண வீடு ஒன்று நடந்து போகிறது என்று யாரோ கத்தினார்கள். எனக்கு அதை ரசிக்க நேரமில்லை. கிரீஸ் நாடாக்கள் ஐந்து இடத்தில் பிடித்தன, ஆறு இடத்தில் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்னால் தண்ணீரை வாரி வாரி வெளியே ஊற்றினேன். ஒரு டின் ஊற்றுவதற்குள் அரை டின் வந்தது. ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான், மூழ்கினாலும் நிற்கலாம் என்று படகுக்காரர் ஆறுதல் சொன்னார். உயிருக்கு ஆபத்தில்லை என்பது எனக்கும் தெரியும். நான் பயந்தது நாளைக் காலைக்காக. மேட்ரன் வரும்போது வீடு தண்ணீருக்குள் இருந்தால்?

பொழுது சாயுமுன் குப்பத்தின் கரையில் முளை அடித்துக் கட்டினோம். அன்றிரவு நாங்கள் முறை போட்டுக்கொண்டு இறைத்தோம்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு அக்கரைப் படகில் மேட்ரன் வந்தார். தடித்த உருவம், வெள்ளைச் சேலை, கையில் குடை. கேரளத்துக்காரர். எங்களைக் கண்டதும், "எங்கே உன் வீடு?" என்றார். என் மனைவி காட்டினாள். அவர் குடையை மடக்கிவிட்டுப் படகையும், சுருட்டிக் கட்டின பாயையும் ஏற இறங்கப் பார்த்தார். பலகைமேல் கால் வைத்து ஏறினார். படகு அவர் பக்கம் சாய்ந்தது. அடியில் கிடந்த தண்ணீர் நகர்ந்து வந்து அவர் செருப்பை நனைத்தது.

"இதென்ன தண்ணி?"

"படகுன்னா கொஞ்சம் இருக்கும்மா," என்றாள் என் மனைவி. அவள் கை டின்னைத் தன் பின்னால் தள்ளியது.

மேட்ரன் கூண்டுக்குள் பார்த்தார். கல் அடுப்பில் கஞ்சி. கொடியில் யூனிஃபார்ம். பெட்டிக்குள் துணி சுற்றிய கத்தரியும் பஞ்சும். அவர் கத்தரியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துத் திரும்ப வைத்தார்.

"மழை வந்தால் எங்கே போவே?"

"எங்கியும் போக மாட்டேன்."

"புயல் வந்தால்?"

"ஊரே எங்க போவுதோ அங்க போவேன்மா. எனக்கு மட்டும் தனியா போக எடம் ஏது?"

"வீட்டுக்காரர்?"

"அவருக்கு சித்தூர்ல வேலை. இன்னிக்கே போறாரு."

மேட்ரன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. மருந்தகத்தைப் பார்த்தார், இரண்டு குடிசைகளில் நின்று பேசினார், பன்னிரண்டு மணிக்கு அக்கரைப் படகில் ஏறினார்.

அதே படகில்தான் நானும் போக வேண்டும். விட்டால் அன்று வேறு படகில்லை. மறுநாள் ஆபீஸில் இருக்க வேண்டும். மீதியிருந்த ஒன்பது ரூபாயை அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "போங்க, போங்க. அவங்க காத்துக்கினு இருக்காங்க," என்றாள்.

படகு கரையை விட்டு இருபது முப்பது அடி வந்திருக்கும். மேட்ரனின் முதுகு குப்பத்தின் பக்கம். என் முகம் அந்தப் பக்கம். என் மனைவி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டின்னை எடுத்து வாரி இறைக்கத் தொடங்கினாள். வெயிலில் ஒவ்வொரு டின் தண்ணீரும் பளிச்சென்று விழுந்தது. மேட்ரன் தலையைத் திருப்பினால் போதும். நான் பேச ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில், எத்தனை வார்டு, பிரசவ வார்டில் மாதத்துக்கு எத்தனை குழந்தை என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

நான்காவதோ ஐந்தாவதோ கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை.

"உங்க சம்சாரம் இன்னும் இறைச்சுக்கிட்டு இருக்காளா?" என்றார், திரும்பாமலே.

"ஆமாம்மா," என்றேன்.

அவர் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். "ஆர்டரைத் தபால்ல அனுப்பணும். விலாசம் சொல்லுங்க."

நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். சூளூர்பேட்டை வழி என்றேன். அவர் எழுதிவிட்டுக் காத்திருந்தார். அதற்கு மேல் என்ன சொல்வது? கதவு இலக்கம் இல்லை, தெரு இல்லை.

"கரையில கட்டினது," என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தூரத்தில் அவள் இன்னும் இறைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் இப்போது கேட்கவில்லை.